தூம்பில் அடைத்த துணி

பரக்கத் நிஷா மாமி அருப்புக்கோட்டையை விட்டுப் புறப்பட்டது 2021 செப்டம்பர் பதினாறு, வியாழக்கிழமை. ஹாஜா நஜ்முதீன் மாமா இறந்து, மாமி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மகன் அசாருதீன் ஷார்ஜாவிலிருந்து வந்து கூட்டிப் போனான். எங்கள் தெருவுக்குள் கார் நுழையாது. பஜார் முக்கு வரைக்கும் பெட்டிகளைத் தலையில் சுமந்துவந்தது மாடியில் குடியிருந்த செல்லக்கிளியக்கா. கார் கதவைச் சாத்துமுன் மாமி சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“மாடியில தண்ணி நிக்க விட்றாத, கிளி.”

“பதினோரு வருசமா கேக்குறேன்க்கா இத.”

“இனிமே சொல்றதுக்கு நான் இருக்க மாட்டேன்ல.”

அன்று நான் ஊரில் இல்லை. அக்கா சொல்லிக் கேட்டதுதான். ஆறு வருஷம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு 2023இல் திரும்பியபோது, இரண்டு வாரம் தங்கலாம் என்று மாமியின் கீழ்வீட்டுச் சாவியை வாங்கினேன். இரண்டு வாரம் ஒரு வருஷத்தையும் தாண்டிவிட்டது.

மாமியின் மாமனார் காலத்து மட்டப்பா வீடு அது. தேக்கு உத்தரம், குறுக்கே கட்டைகள், மேலே செங்கலும் சுண்ணாம்பும். மாடியில் பின்பக்கம் ஒரே ஒரு அறையும் அடுப்படியும். முன்பக்கம் திறந்த மொட்டை மாடி. மொட்டை மாடிக்குக் கீழேதான் நான் படுக்கும் கூடம். மாடிக்குப் போக அக்காவின் அறை வழியாகத்தான் வழி. மேலே நின்றால் பள்ளிவாசல் மினாரா ஒரு பக்கம், கோயில் கோபுரம் ஒரு பக்கம், நடுவே பூக்கடைக் கூச்சல், சேவு பொரிக்கும் வாசனை, தறிச் சத்தம். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அக்காவுக்குத் தெரியும். அக்கா என்ன குழம்பு வைத்தாள் என்பதும் தெருவுக்குத் தெரியும்.

திருச்சுழிக்கு மேற்கே ஒரு கரிசல் ஊரில் பிறந்தவள் அக்கா. பத்து வயதில் மிளகாய்ப் பழம் பறிக்கப் போனாள். மல்லாங்கிணற்றில் வாக்கப்பட்டாள். புருஷன் செத்த பிறகு மகள் தங்கமாரியை வளர்த்துத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, சேவு கம்பெனியில் பாக்கெட் ஒட்டும் வேலைக்கு வந்தாள். ஒரு தம்ளர் தண்ணீரில் பாதி குடித்து மீதியைக் கொட்டுபவர்களை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கை நீட்டி வாங்கிக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவாள். அந்தச் செடி மாமி வைத்தது.

எங்கள் தெருவில் மேகம் கறுத்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மாடிக்கு ஓடும். மாடித் தண்ணீர் தெருவில் விழும் குழாயைத் தூம்பு என்போம். அதில் துணியை அடைத்துவிட்டால் மழைத்தண்ணீர் மாடியிலேயே நிற்கும்; குடம் குடமாக மொண்டுகொள்ளலாம். பத்து நாளைக்கு ஒரு தரம் குழாயில் தண்ணீர் வரும் ஊரில் இது எல்லாரும் செய்வது. கான்கிரீட் மாடிகள் தாங்கும். மட்டப்பா தாங்காது. அதனால் எங்கள் வீட்டுத் தூம்பு மட்டும் மழையில் வெறுமனே தெருவில் கொட்டும். எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் அதற்கடியில் குடம் வைத்துப் பிடித்துக்கொண்டே, “மகராசி, ஊருக்குத் தண்ணிப் பந்தல் வச்சிருக்கா” என்று அக்காவைக் கிண்டல் செய்வாள்.

கூடத்துக் கூரையில் முறத்தளவு ஒரு பழைய பூச்சு உண்டு. அதன் பெயர் பால்ச்சாமி ஒட்டு. நான் பிறக்குமுன் ஒரு மழையில் அந்த இடம் பெயர்ந்து விழுந்ததாம். அதற்கு முந்திய கோடையில் மட்டப்பா பூசியவர் பால்ச்சாமி கொத்தனார். மாமா அவரைத் தெருவில் நிற்கவைத்துப் பேசினார். அதன் பிறகு இந்தத் தெருவில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. எங்கள் குடும்பத்தில் தோசை கருகினாலும், பாவாடைக் கரை கோணலாகத் தைத்தாலும் “பால்ச்சாமி வேலை” என்றுதான் சொல்வோம். நானும் சொல்லி வளர்ந்தேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. குழாயில் தண்ணீர் வந்து பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. சாப்பாட்டுக்கு வந்த அக்கா பத்து நிமிஷத்தில் அறையைப் பூட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். இரண்டரை மணிக்கு மழை பிடித்தது. தூறிவிட்டுப் போகும் என்று நினைத்தேன். மூன்றரைக்கும் விடவில்லை. கதவடியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. எங்கள் தூம்பிலிருந்து தண்ணீர் விழவில்லை. பிச்சையம்மாளின் குடம் காலியாக நின்றது.

அக்காவுக்குப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது. கம்பெனியில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கூடத்துக்கு வந்து அண்ணாந்தேன். பால்ச்சாமி ஒட்டின் ஓரத்தில் ஈரம் கோடாக இறங்கியிருந்தது. உத்தரம் ஒரு தரம் முனகியது. மாமாவின் கட்டிலை இழுக்கப் பார்த்தேன், நகரவில்லை.

பக்கத்துக் கடையில் மிக்ஸி ரிப்பேர் செய்யும் இம்மானுவேல் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஏணி போட்டு, தூம்புக்குள் கீழிருந்து கம்பியை விட்டார். குழாய் வளைந்திருந்ததால் கம்பி பாதியில் முட்டியது.

“பூட்ட உடைச்சுருவமா?”

“உடைங்கண்ணே.”

“அந்தம்மா வந்து என்னைய உடைச்சா?”

சொல்லிக்கொண்டே சுத்தியல் எடுக்கப் போனார். அதற்குள் முழங்கால் தண்ணீரில் ஓடிவந்தாள் அக்கா, தலையில் கம்பெனித் தொப்பியோடு. கம்பெனித் தகரக் கூரையில் மழைச்சத்தம் கூடக்கூட அவளுக்குத் தூம்பு ஞாபகம் வந்திருக்கிறது. சூப்பர்வைசர் சுந்தரபாண்டியிடம் கேட்டதற்கு, “மழைக்கு லீவு விட நீ என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?” என்றானாம். தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்துவிட்டாள்.

“யாரும் கூடத்துக்குள்ள நிக்காதீக!” என்று கத்திக்கொண்டே படியேறினாள். நானும் பின்னால் போனேன். மாடி குளமாகக் கிடந்தது. கைப்பிடிச் சுவரோரம் மண்டியிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினாள். தூம்பு வாய் கிடைக்கவில்லை. கீழே என்னவோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது. அவள் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டு இழுத்தாள். கம்பெனி கொடுத்த பழைய ஏப்ரன் சுருட்டிய வாக்கில் வெளியே வந்தது. தெருவில் அருவி விழுவதுபோலச் சத்தம். நனைந்த யாரோ கீழேயிருந்து எங்கள் குடும்பத்தையே திட்டினார்கள்.

கூடத்தில் இறங்கிப் பார்த்தபோது மாமாவின் கட்டில் மேல் காரை மலையாகக் கிடந்தது. பால்ச்சாமி ஒட்டு முழுதும் பெயர்ந்து, அங்கிருந்து சுவர்வரை புது விரிசல் ஓடியிருந்தது. அந்தக் கட்டிலில்தான் நான் மத்தியானம் படுப்பேன். அக்கா கட்டிலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்தாள்.

“ரெண்டு குடந்தேன் நெனச்சேன் தாயி. வந்து மொண்டுட்டு எடுத்துருவம்னு. எல்லா மாடியிலயும் நிக்குது, நம்மது மட்டும் வீணாப் போவுதேன்னு.”

“மழையில விழுந்துச்சுன்னு சொல்லிரலாம்க்கா. பழைய வீடுதானே.”

“மழையா துணி வச்சுச்சு?”

அடுத்த மாதம் அசாருதீன் வருவதாக இருந்தது. வீட்டை இடித்துக் கடைகளாகக் கட்ட அவனுக்கு நெடுநாள் ஆசை. வீடு மாமி பேரில் இருந்ததால் அவர் கையெழுத்து வேண்டும். இந்த விரிசல் அவனுக்கு எவ்வளவு வசதி என்பது அக்காவுக்குத் தெரியும். இருந்தும் என் போனை வாங்கி, வாய்க்கு மிக அருகே வைத்துக்கொண்டு மாமிக்குக் குரல் செய்தி பேசினாள்.

“அக்கா, கிளி பேசுறேன். தூம்புல துணிய அடைச்சது நாந்தேன். நீங்க சொன்னத மீறிட்டேன். வேற யாரையும் வையாதீக.”

வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு அன்றைக்கே விழுந்தது. பதில் வரவில்லை.

அசாருதீன் வந்தான். விரிசலைப் பத்துக் கோணத்தில் போட்டோ எடுத்தான். “பங்குனிக்குள்ள காலி பண்ணிருங்க. உம்மாட்ட கையெழுத்து வாங்கிக்குவேன்” என்றான். பாளையம்பட்டி வரைக்கும் வீடு தேடினோம். தனியாள் பொம்பளை என்றதும் வீட்டுக்காரர்கள் முகம் மாறினார்கள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டு, ஒரு சட்டி ஒரு தட்டோடு அக்கா மாசி முழுக்க ஓட்டினாள். பங்குனி போனது. பெருநாளுக்கு மாமி எனக்கு, “ஈத் முபாரக் சனோபர்” என்று வாழ்த்து அனுப்பினார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா தினமும் வேலைவிட்டு வந்ததும் என் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். கேட்கமாட்டாள்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது குரல் செய்தி வந்தது. நான்கு நிமிஷம். போனை இருவருக்கும் நடுவே தரையில் வைத்தேன்.

“கிளி, நல்லாருக்கியா. உனக்குப் பதில் சொல்ல எட்டு மாசமா வாய் வரல. இங்க ஏசித் தண்ணி சொட்டுது. அதுக்கும் வாளி வைக்கிறேன், அசாரு சிரிக்கிறான். கல்யாணமாகி வந்த மறுவருசம் அந்தத் தூம்புல நானும் துணி அடைச்சேன். என் பழைய தாவணி. கூடத்துல காரை விழுந்ததும் ஓடிப்போய் உருவி அடுப்புல போட்டுட்டேன். மாமனார் கேட்டாக. இவுகளும் கேட்டாக. பூச்சு சரியில்லன்னு சொன்னேன். பால்ச்சாமி தெருவுல தலையக் குனிஞ்சு நின்னாரு. நான் சன்னல் வழியா பாத்துக்கிட்டு நின்னேன். இவுக மவுத்தாகிற வரைக்கும் சொல்லல. நீ ஒரே நாள்ல சொல்லிட்ட. உன் குரலக் கேக்கக் கேக்க எனக்கு ஏலல. நேத்துதான் அசார்ட்ட எல்லாத்தையும் சொன்னேன். கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். பாத்திரத்தச் சாக்குல கட்டி வச்சிருக்கன்னு கேள்விப்பட்டேன், அவுத்து அடுக்கு. பால்ச்சாமி மவுத்தாகிட்டார்னு கேள்வி. மகன் வீரணன் குமாரலிங்கபுரத்துல கொத்து வேலைதான் பாக்குறானாம். நீயும் சனோபரும் நேர்ல போங்க. நான் சொன்னத முதல்ல அவன்கிட்ட சொல்லுங்க. கேட்டுட்டு அவனுக்கு மனசிருந்தா, அந்த எடத்த அவன் கையால பூசச் சொல்லுங்க.”