பொழிச்சலூர் நிறுத்தம்

போன வாரம் மகளின் வகுப்பு ஆசிரியையோடு வீடியோ காலில் பெற்றோர் சந்திப்பு. "ஜெனி மத்ததுல எல்லாம் ஓகே மேம், கணக்குல மட்டும் கொஞ்சம்…" என்று அவர் இழுத்தார். வீட்டில் நாங்கள் எப்படியெல்லாம் பாடம் சொல்லித் தருகிறோம் என்று விளக்கத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து எங்கள் இரும்புலியூர் அடுக்ககத்துக்கு மேலே ஒரு விமானம் போனது. பாதி வாக்கியத்தில் வாயைப் பாதி திறந்தபடி நின்றுவிட்டேன்.

"மேம், ஃப்ரீஸ் ஆயிட்டீங்க. நெட் பிராப்ளமா?"

பக்கவாட்டிலிருந்து ஜெனி தலையை நீட்டினாள். "நெட்டு இல்ல மிஸ். அம்மா பொழிச்சலூர்."

ஆசிரியைக்குப் புரிந்திருக்காது. உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பொழிச்சலூரில். விமான நிலையம் கூப்பிடு தூரம். இறங்க வரும் விமானத்தின் சக்கரங்களை மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாம். அது வருவதை முதலில் அறிவிப்பது எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரிதான். உள்ளே இருக்கும் பீங்கான் கோப்பைகள் 'கிணிகிணி' என்று நடுங்கும். உடனே பேசிக்கொண்டிருப்பவர் பேச்சை நிறுத்திவிட வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பவரும் அப்படியே காத்திருக்க வேண்டும். சத்தம் அடங்கியதும் விட்ட வார்த்தையிலிருந்து அவரேதான் தொடர்வார். இடையில் புகுந்து வேறு கதையை யாரும் ஆரம்பிக்கக் கூடாது. இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. சாப்பிடக் கற்றுக்கொண்டதுபோல் கற்றுக்கொண்டோம்.

அப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. இரும்புத்தூளும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை அவர் சட்டையில் எப்போதும் இருக்கும். இப்போதும் எங்காவது மெக்கானிக் கடையைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தால், யாரோ என்னைச் சத்தமாகக் கூப்பிடப்போகிறார்கள் என்றே தோன்றும். அப்பாவின் குரல் அப்படி. ஆனால் விமானத்துக்கு மட்டும் அடங்கிவிடுவார். "நாள் பூரா மெஷினோட கத்தியே ஜெயிக்க முடியல. ப்ளேனோட கத்தி ஜெயிக்கப் போறேனாக்கும்?" என்பார்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வதும் அவர்தான். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல…" என்னும்போது அலமாரி கிணிகிணிக்கும். கண்களை மூடியபடி எல்லோரும் காத்திருப்போம். நல்ல மார்க்கா, நல்ல சுகமா, நல்ல வேலையா என்று நான் மனதுக்குள் ஊகித்துக்கொண்டிருப்பேன். தம்பி அந்த நேரத்தை வீணாக்குவதில்லை. சத்தம் அடங்கியதும் அப்பா கண் திறக்காமலே முடிப்பார்: "…புத்தியைத் தாரும். முக்கியமா இப்ப அப்பளத்தை எடுத்தவனுக்கு. ஆமென்."

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் விமானம் வந்தது. வருங்கால மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பையனைப் பிடிச்சிருக்காம்மா?" என்றார். நான் "எனக்கு…" என்றேன். அலமாரி நடுங்கியது. நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டார் நால்வரும் சிலைபோல் உட்கார்ந்திருக்க, வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "…பிடிச்சிருக்கு" என்று நான் முடிப்பதற்குள் தனக்குப் பாதி முடி நரைத்துவிட்டதாக என் கணவர் இன்றும் சொல்வார். ஒரு புடவை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்கி, முதல் கடைக்கே திரும்பிப் போகிறவள் நான். யோசிக்க அவகாசம் கிடைத்து, யோசித்ததையே சொல்லி, பிறகு சந்தேகப்படாத ஒரே பதில் அதுதான்.

ஜெனிக்கு மூன்று வயதானபோது நான் வேலைக்குத் திரும்பினேன். காலையில் ப்ளே ஸ்கூல், மதியத்திலிருந்து பொழிச்சலூரில் அம்மா அப்பாவோடு இருப்பாள். ஒரு நாள் அவளைக் கூப்பிடப் போனபோது ப்ளே ஸ்கூல் மிஸ் என்னைத் தனியாக அழைத்தார். "பாப்பா பேசிட்டே இருக்கா, திடீர்னு நிறுத்திட்டு அப்படியே பாக்குறா மேம். கூப்பிட்டாலும் பதில் இல்ல. எதுக்கும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

'எதுக்கும்' என்ற சொல்லைப் போல பயங்கரமான சொல் தமிழில் இல்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே ஃபோனில் தேட ஆரம்பித்தேன். ஒவ்வொரு பக்கமும் முந்தையதைவிட மோசமாக இருந்தது. வலிப்பு என்றது ஒன்று. நான் வேலைக்குப் போனதுதான் காரணமோ? கர்ப்பத்தில் இரும்பு மாத்திரையைச் சில நாள் மறந்ததோ? "நீ தும்மல்னு தேடினாலே அது உன்னைக் கல்லறை வரைக்கும் கூட்டிட்டுப் போகும். ஃபோனைக் கீழ வை," என்றார் கணவர். ஆனால் அவரும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மதியம் அலுவலகத்திலிருந்து நான் வீடியோ கால் பேசும்போதும் ஜெனி அடிக்கடி உறைந்து போவாள். நெட் மந்தம் என்று விட்டிருந்தேன்.

குழந்தை மருத்துவர் பொறுமையானவர். "அப்படி வரும்போது பக்கத்துல இருந்து ஒரு வீடியோ எடுத்துட்டு வாங்கம்மா, பாக்கலாம்," என்றார். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பொழிச்சலூர் போய், ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி ஜெனியின் எதிரில் உட்கார்ந்தேன். அவளும் அப்பாவும் காய்கறிக் கடை விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"தாத்தா, எனக்கு ரெண்டு…" என்றாள் ஜெனி. நின்றாள். கண்கள் ஒரே இடத்தில் நிலைத்தன. "ஜெனி" என்று கூப்பிட நினைத்தேன், கூப்பிடவில்லை. பிறகு அவள், "…தக்காளி குடுங்க," என்றாள்.

எடுத்த வீடியோவை ஓடவிட்டேன். ஜெனி நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் அப்பாவும் தராசைப் பிடித்தபடி நிற்கிறார். சமையலறை வாசலில் அம்மா கரண்டியோடு நிற்கிறாள். மூன்று பேர் மீதும் காது கிழியும்படி ஒரு விமானம் போகிறது.

பொழிச்சலூர்க்காரி எனக்கு நேரில் அது கேட்கவே இல்லை. நானும்தானே கூப்பிட வந்ததை நிறுத்தியிருந்தேன்! வீடியோ காலிலோ ஃபோனே இரைச்சலை வடிகட்டிவிட்டுக் குழந்தையை மட்டும் காட்டியிருக்கிறது. ப்ளே ஸ்கூலில் விசாரித்தால், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடும்போதெல்லாம் என் மகள் அதற்கு மரியாதை கொடுத்திருக்கிறாள்.

மருத்துவர் வீடியோவைப் பார்த்தார். "மூணு பேருக்கும் ஒண்ணும் இல்லம்மா," என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். எது முதலில் என்று தெரியவில்லை.

அதோடு விட்டேனா? எதுக்கும் இருக்கட்டுமே என்று, "சத்தம் வந்தாலும் நிறுத்தாமப் பேசலாம் கண்ணு," என்று மிக்ஸியை ஓடவிட்டே பழக்கினேன். இப்போது இடியே விழுந்தாலும் ஜெனி பேச்சை நிறுத்துவதில்லை. போன கோடையில் தம்பி பொழிச்சலூர் வீட்டுக்கு ஏசி போட்டு, ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த கண்ணாடி பொருத்திவிட்டான். உள்ளே விமானம் ஒரு கொசு அளவுக்குத்தான் கேட்கிறது. அப்பாவின் ஜெபம் இப்போது ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. அப்பளம் எல்லாம் தட்டிலேயே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடி அலமாரி லேசாகக் கிணிகிணித்தது. நிறுத்தினேன். அந்த இடைவெளியில் ஜெனி பள்ளிக்கதையை ஆரம்பித்தாள். தம்பி கார் வாங்குவதைப் பற்றிப் பேசினான். அம்மா ரசம் வேண்டுமா என்று கேட்டாள். கோப்பைகள் அடங்கிய பிறகும் என் வாக்கியத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை.

என்ன சொல்ல வந்தேன் என்று வீடு வரும்வரை யோசித்துப் பார்த்தேன். எனக்கும் நினைவு வரவில்லை.