தனம் வேறு ஆள்

உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணை, அவள் இல்லவே இல்லை என்று ஆக்கியவள் நான்.

பயந்துவிடாதீர்கள், கொலையில்லை. அவள் நலமாகத்தான் இருக்கிறாள். இந்நேரம் கவுஞ்சியில் பட்டாணிக் கொடிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருப்பாள். ஆனால் எல்லோரும் கூடி எழுதும் அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் அவள் பெயரைத் தேடினால் ஒரு பெட்டி வரும். ‘இது மற்றொருவரின் கைப்பாவைக் கணக்கு. காலவரையின்றித் தடை செய்யப்பட்டுள்ளது.’ அந்தப் பெட்டி அங்கே வந்ததற்கு என் பொய்தான் காரணம்… வேறு யார்மீதும் பழி போட எனக்கு வழியில்லை.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. என்றாவது ஒருநாள் நீங்களும் அங்கே எழுத வரலாம். புதியவர்களை வரவேற்று விதிகளைச் சொல்லித்தரும் வழிகாட்டியாக நானே உங்கள் முன் வந்து நிற்கலாம். அதற்குமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல் கடைவீதியில் எங்களுக்கு ஒரு கடை. தைலம், சாக்லேட், மலைப்பூண்டு. சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்டால் ஈ ஓட்டுவதுதான் எங்கள் தொழில். அந்த ஓய்வில்தான் களஞ்சியத்தில் எழுதத் தொடங்கினேன். எழுத்தைவிட அங்கிருந்த விதிகள் எனக்கு அதிகம் பிடித்துப்போயின! ஆதாரமின்றி எழுதாதே, பக்கம் சாயாதே, பேச்சுப் பக்கத்தில் கருத்துச் சொன்னால் நான்கு அலைக்குறி (~~~~) போட்டுக் கையெழுத்திடு… “இவளுக்கு வாய்த்த சோலியப் பாரு, சம்பளமில்லாத வாத்தியாரு” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்துகொள்ளட்டும். கடையில் நான் அவருடைய மனைவி. அங்கே நான் ஜமீலா அக்கா. எத்தனை பேர் ‘நன்றி அக்கா’ என்று எழுதினார்கள் தெரியுமா உங்களுக்கு!

அந்த ‘அக்கா’வுக்காகத்தான் பொய் சொன்னேன். ஆனால் அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓர் ஐப்பசியில் ஊரிலுள்ள ஒரு பள்ளியின் கணினி அறையைக் கேட்டு வாங்கிப் பயிற்சி நடத்தினேன். ஏழெட்டுப் பேர் வந்தார்கள். கவுஞ்சியிலிருந்து இரண்டு பெண்கள், வெள்ளனே பஸ் பிடித்து, நனைந்த சேலையோடு வந்திருந்தார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். மூத்தவள் மகேஸ்வரி, வாய் மூடாதவள். இளையவள் தனம், வாய் திறக்காதவள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கைப்பேசி.

தனத்துக்குத் திக்குவாய். ஒரு சொல் எடுப்பதற்குள் முகமெல்லாம் சிவந்துவிடும். அவள் தொடங்கும் வாக்கியத்தை மகேஸ்வரி முடித்துவைப்பாள். புருஷன் முடித்துவைப்பான். பஸ் கண்டக்டர்கூட முடித்துவைப்பாராம். அன்புதான், அவசரம்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் சொல்ல வந்தது வேறாக இருந்தால்? அதை யாரும் கேட்டதில்லை.

எழுதும்போது அவள் திக்கவில்லை!

அதைப் பார்த்த அன்று என் கண் நிறைந்துவிட்டது, இப்போது சொல்வதற்கென்ன. பீன்ஸ் பற்றி, முட்டைக்கோஸில் விழும் புழுவைப் பற்றி, படிக்கட்டு வயலில் தண்ணீர் எப்படி மேலிருந்து கீழே இறங்குகிறது என்பதைப் பற்றி… குறுகிய, தெளிவான வாக்கியங்கள். எழுதி முடித்ததும் நான்கு அலைக்குறி போட்டுத் தன் பெயர் திரையில் தானாக வந்து விழுவதைப் பார்த்துச் சிரிப்பாள். யாராவது மறுத்து எழுதினால் பதில் எழுதுவாள். அங்கே அவள் சொல்லி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவளுக்கு நான்தான் சொல்லித்தந்தேன். “தனம், இங்க பெரியவங்க சின்னவங்க கெடையாது. நான் தப்பா எழுதினா நீ என்னையவே எதிர்க்கலாம். தைரியமா எழுது.”

அவள் என்னை நம்பினாள்…

விதிகளில் ஒன்றை மட்டும் சொல்ல மறந்தேன். ஒரே ஆள் இரண்டு பெயரில் கணக்கு வைத்துக்கொண்டு தனக்குத் தானே ஆமாம் போடுவதைக் கைப்பாவை என்பார்கள். அங்கே அது பெருங்குற்றம். ஒரே கருவியில் இருவர் எழுதினால், ‘நாங்கள் இருவர், ஒரே கைப்பேசி’ என்று தத்தம் பக்கத்தில் முன்கூட்டியே எழுதி வைக்கவேண்டும். அந்த ஒற்றைக் கைப்பேசியைக் கண்ணெதிரே பார்த்தும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இது மறதி. இதற்காக நான் உங்கள் முன் வந்து நிற்கவில்லை.

பிறகு ஒருநாள் தனத்தின் கட்டுரைக்குப் படமெடுக்கக் கவுஞ்சி போனேன். மகேஸ்வரி தேநீர் போட்டாள். தனம் முற்றத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்து, பச்சையாகவே என் கையில் போட்டுக்கொண்டே இருந்தாள். அடுப்படியில் பூண்டுக் கட்டுகள் புகையில் தொங்கின. நான் அண்ணாந்து பார்க்கக்கூட இல்லை. ஊருக்குத் திரும்பி வந்து மலைப்பூண்டு பற்றிப் பெரிய கட்டுரை எழுதினேன். படத்துக்கு எங்கள் கடைக்கூடையிலிருந்த பூண்டை எடுத்து, வெள்ளைத் துணி விரித்து, அழகாகப் படம் பிடித்துப் போட்டேன்.

களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் ஒருநாள் முழுவதும் காட்டுவதற்குச் சிறந்த கட்டுரைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். என் கட்டுரையை முன்மொழிந்தேன். ஆதரவு வந்துகொண்டிருந்தது. நான்காவது நாள் ஒரு வரி.

‘எதிர்க்கிறேன். படத்தில் இருப்பது மலைப்பூண்டு அல்ல. இது புகை படாத சமவெளிப் பூண்டு. பல் பெரியது, தோல் வெளுப்பு. எங்கள் பூண்டு பழுப்பாக இருக்கும், காய்ந்த தண்டோடு கட்டித் தொங்கவிடுவோம். படத்தை மாற்றினால் ஆதரிப்பேன்.’ கீழே தனத்தின் கையெழுத்து.

சற்று நேரத்தில் மகேஸ்வரியும் எழுதினாள். ‘ஆமாம், தனம் சொல்வது சரி.’

எனக்கு முகம் எரிந்தது. ஏன் தெரியுமா? கட்டுரைக்காக இல்லை… கூடைக்காக. அது கீழே வத்தலக்குண்டிலிருந்து வந்த பூண்டு. அதைத்தான் மலைப்பூண்டு என்று சுற்றுலா வருகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருமுறை கேட்டபோது என் வீட்டுக்காரர் சிரித்தார். “மலையேறி வந்துட்டா எல்லாம் மலைப்பூண்டுதான் ஜமீலா.” நானும் சிரித்தேன். தெரிந்தேதான் சிரித்தேன். இப்போது அது எல்லோரும் படிக்கும் பக்கத்தில், என் மாணவியின் கையால்!

படத்தை மாற்றியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. மாற்றினால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே… ஆதாரம், நேர்மை என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவளின் கடைக்கூடையே பொய் என்று ஆகிவிடுமே!

நான் என்ன செய்தேன் தெரியுமா? விதிப்புத்தகத்தைத் திறந்தேன்.

‘இவ்விரு கணக்குகளும் ஒரே ஊரிலிருந்து, ஒரே நேரத்தில், ஒன்றையொன்று ஆதரித்து எழுதுகின்றன. ஆய்வு செய்யவும்.’ இப்படி ஒரு புகார். ஒரு சொல்கூடப் பொய்யில்லை, கவனித்தீர்களா? அப்போதும் ஒழுங்காகக் கையெழுத்திட்டேன். அப்படியொரு புகார்ப் பக்கம் இருப்பதை அவர்களுக்கு நான் சொல்லித்தந்ததே இல்லை.

கணக்குகள் எந்தக் கருவியிலிருந்து வருகின்றன என்று பார்க்கும் அதிகாரம் சிலருக்கு உண்டு. அவர்களில் ஒருவர், எங்கோ தொலைவில் இருப்பவர், பார்த்துவிட்டு எழுதினார். ஒரே கருவிதான். ஆனாலும் நல்ல மனிதர், அவசரப்படவில்லை. என்னைப் பெயர் சொல்லிக் கேட்டார். ‘நீங்கள் இவர்களின் வழிகாட்டி. இவர்கள் இருவரா, ஒருவரா? நேரில் அறிவீர்களா?’

மத்தியானம். கடைவாசலில் பனி இறங்கி எதிர்க்கடை தெரியவில்லை. வீட்டுக்காரர் தொழுகைக்குப் போயிருந்தார். ‘அறிவேன், இருவர்’ என்று இரண்டே சொல் எழுதினால் போதும். நாக்கில் பச்சைப் பட்டாணியின் இனிப்புகூட நினைவு வந்தது, பொய்யில்லை!

எழுதினேன். ‘பயிற்சிக்குப் பலர் வந்தனர். உறுதியாகக் கூற இயலவில்லை.’

அவ்வளவுதான். அன்று மாலையே தனத்தின் கணக்குக்குப் பூட்டு விழுந்தது. அவளுடைய கணக்கு மகேஸ்வரியுடையதற்குப் பிறகு தொடங்கியது, ஆகவே அதுவே கைப்பாவை என்று முடிவாயிற்று. எதிர்ப்புகள் இரண்டும் அடித்து நீக்கப்பட்டன. மகேஸ்வரிக்கு எச்சரிக்கை.

தடை செய்யப்பட்டவர்கள் தங்கள் பேச்சுப் பக்கத்தில் மட்டும் எழுதலாம். தனம் எழுதினாள். எனக்கு எழுதினாள்.

‘ஜமீலா அக்கா, நான் தனம். நான் வேறு ஆள். நீங்கள் வீட்டுக்கு வந்த அன்று பட்டாணி உரித்தது நான். தேநீர் போட்டது மகேஸ்வரி அக்கா. நீங்கள் சர்க்கரை கம்மியாகக் கேட்டீர்கள்.’ நான்கு அலைக்குறி. அவள் பெயர்.

ஆதாரம் கொடு, ஆதாரம் கொடு என்று படித்துப் படித்துச் சொன்னேனே… கொடுத்துவிட்டாள்!

நான் பதில் எழுதவில்லை. பத்து நாள் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவள் வேறொன்றும் எழுதவில்லை. பூண்டுக் கட்டுரை முதற்பக்கத்துக்கு வந்தது. வீட்டுக்காரர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கைப்பேசியைக் காட்டினார். ‘இதே பூண்டுதான் சார்’ என்றார். அது மட்டும் உண்மை.

அடுத்த மழைக்காலம் வரை பொறுத்திருந்தேன். பிறகு முடியவில்லை. சொல்லிவிடுவது என்று தீர்மானித்துப் பஸ் ஏறினேன். மன்னவனூர் தாண்டும்வரை வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே போனேன். ‘தனம், என்னை மன்னிச்சிரு…’ என்று தொடங்குவதா, முதலில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதா? சிரிக்காதீர்கள். தப்புச் செய்தவளுக்கு இதெல்லாம் பெரிய கேள்விகள்.

மகேஸ்வரி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “வாங்கக்கா! எம்புட்டு நாளாச்சு! எங்க மேல கோவமாத்தான் இருப்பீங்கன்னு நெனச்சோம். தப்பு எங்களுதுதான்க்கா. ஒரே போன்ல ரெண்டு பேரும் எழுதிப்புட்டோம். ஒங்க பேருக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டோம்.”

என் பேருக்குக் கெட்ட பேரு! கேட்டீர்களா?

வாய் திறந்தேன். தேநீர் வந்துவிட்டது. சர்க்கரை கம்மி.

தனம் அடுப்படியிலிருந்து ஒரு பூண்டுக் கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். பழுப்பேறி, புகை மணத்தோடு. “ப… படம்” என்றாள். மாற்றிவிடுங்கள் என்பது பொருள். கோபமில்லை, குத்தலுமில்லை. கட்டுரை சரியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. களஞ்சியத்தில் என்னைவிட நல்ல தொகுப்பாளர் அவள். அவளைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல இருந்தது. கட்டிக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. “நல்லாருக்கு” என்றேன்.

பஸ் ஏற்றிவிட இருவரும் வந்தார்கள். சாரல். தனம் ஏதோ கேட்கத் தொடங்கினாள். மகேஸ்வரி வழக்கம்போல் முடித்துவைக்க வந்தாள். தனம் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். நான் காத்திருந்தேன். எப்போதும் காத்திருப்பவள் நான், அதனால்தான் அவளுக்கு என்னிடம் அத்தனை பிரியம்.

“நா… நான் வேற ஆளுன்னு… அங்க யா… யாரு சொன்னா எடுபடும்க்கா?”

முழுவதும் அவளே சொல்லி முடித்தாள்.

நான் சொன்னால் எடுபடும். என் ஒரு வரி போதும். வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அதெல்லாம் முடிஞ்சுபோச்சு தனம்” என்றேன். “இனி யாரு சொன்னாலும் எடுபடாது.”

“ச… சரிங்கக்கா.”

களஞ்சியத்தில் என்னோடு வாதாடியவள், இதை விதி என்று நம்பி ஏற்றுக்கொண்டாள். என் பையை வாங்கி ஜன்னலோர இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

படத்தை மாற்றினேன். அந்தப் பூண்டுக் கட்டுதான் இப்போது அங்கே இருக்கிறது. படத்தின் கீழ் ‘சொந்தப் படைப்பு’ என்று என் பெயர். இரண்டு பேர் நன்றி சொன்னார்கள். எங்கள் கடைக்கூடையில் பழைய பூண்டுதான் இன்னும். அதை மாற்ற எனக்குத் துணிவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் வழிகாட்டி என்ற பெயர் போகும். என்னிடம் கற்றவர்களெல்லாம் அந்த மத்தியானத்துப் பதிலைத் தேடிப் படிப்பார்கள். நான் யாராக இருக்கிறேனோ, அந்த ஆள் இல்லாமல் போய்விடுவாள். இல்லாமல் போவதற்கு எனக்குப் பயமாக இருக்கிறது… தனத்தை மட்டும் அங்கே அனுப்பிவிட்டேன்!

இவர்கள் இருவர். எனக்குத் தெரியும். அன்றும் தெரியும்.

உங்களிடம் எழுதிவிட்டேன். எழுதவேண்டிய இடத்தில் இன்னும் எழுதவில்லை.