நிலநடுக்கமா, மாதையன் மோட்டாரா?

வானத்தைப் பார்த்துக்கொண்டு சம்பளம் வாங்குகிறேன் என்றால் ஊரில் எவனும் நம்பமாட்டான். கருவிக்குக் காவல் இருந்து காலம் தள்ளியவர்களுக்கு என் பாடு புரியும். எண்பதுகளில், பாப்பாரப்பட்டிக்கு வெளியே ஓர் ஓட்டு வீட்டில், செயற்கைக்கோள் சிக்னலைப் பதிவுசெய்கிற தற்காலிக உதவியாளன் நான். பூகம்பத்துக்கு முன்னால் வெகு உயரத்தில் இருக்கும் அயனி மண்டலம் கலங்குமாம். அதன் வழியே வருகிற சிக்னலும் நடுங்கி, காகிதத்தில் பேனா துள்ளுமாம். மூன்று மாதத்தில் அப்படி ஒன்றாவது பிடித்தால் வேலை நீடிக்கும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டு என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

பேட்டரி

எங்கள் பக்கம் கரண்ட் விருந்தாளி மாதிரி வந்து போகும். அதனால் கருவி லாரி பேட்டரியில் ஓடியது. பேட்டரி விற்ற காசிம் பாயிடம், "நம்பலாமா பாய்?" என்றேன்.

"தொப்பூர் எறக்கத்துல லாரியோட உருண்டு பொழைச்ச பேட்டரி தம்பி இது. பூகம்பம் வந்தா நீங்கதான் பயப்படணும்."

மோட்டார்

முதல் வாரமே பேனா துள்ளியது. சந்தோஷத்தில் வெளியே ஓடினால், பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் மாதையன் அண்ணன் கிணற்று மோட்டாரைப் போட்டிருந்தார். அதன் மின் இரைச்சல்தான் கருவியில் ஏறியிருந்தது. செயற்கைக்கோள் கடக்கிற பத்து நிமிஷம் மட்டும் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். எனக்குப் பிறவியிலேயே மெல்லிய குரல். என் வாய் அசைவதைப் பார்த்துப் பாவப்பட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டே கேட்டார். கேட்டுவிட்டு மறுபடி போட்டார்.

"த்ரீ பேஸ் வர்றதே மூணு மணி நேரம்ங்க. உங்க சாட்டிலைட்டை வேணா செத்த நேரம் நிக்கச் சொல்லுங்க."

அன்றிலிருந்து பேனா துள்ளும்போதெல்லாம் காகித ஓரத்தில் 'மோட்டார்' என்று பென்சிலால் எழுதிவிடுவேன். எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

டீக்கடை

பென்னாகரம் ரோட்டு டீக்கடையில் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். பூகம்பம் வருவது எப்போது தெரியும் என்று கேட்டார்கள். வந்த பிறகுதான் பழைய காகிதத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"வூடு இடிஞ்சப்புறம் சேதி சொல்ல ரேடியோவே போதுமேங்க?"

பென்சில் குறிப்பு

மூன்றாவது மாதத்தின் கடைசி வாரம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செயற்கைக்கோள் கிழக்கே கடல் பக்கம் எழும்போதே பேனா விடாமல் துள்ளியது. வழக்கம்போல் 'மோட்டார்' என்று எழுதித் தபாலில் சேர்த்தேன். இரண்டு நாள் கழித்து ரேடியோவில் செய்தி: கடலுக்கு அப்பால் ஒரு தீவில் நிலநடுக்கம்! பெட்டியைக் கட்டும் முன் மாதையன் அண்ணனிடம் போய், செவ்வாய்க்கிழமை அவர் மோட்டார்தான் என் பதிவைக் கெடுத்தது என்று புலம்பினேன்.

"செவ்வாக்கெழமையா? அன்னிக்குப் பூரா கரண்டே இல்லீங்களே தம்பி!" என்றார். பேட்டரியோடு வாழ்ந்தவனுக்கு அது எங்கே தெரிந்தது? அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்க மேலதிகாரிக்கு எழுதுங்க கடுதாசி, நான் கையெழுத்துப் போடறேன். ஓடாத மோட்டார் மேல பழி போடுவீங்களா?"

மேலும் மூன்று மாதம் எனக்கு வேலை வாங்கித் தந்தது கரண்ட் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையும் அதற்குச் சாட்சி சொன்ன ஒரு தக்காளித் தோட்டக்காரரும்தான். செயற்கைக்கோளுக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.