ஜேர்மன் அங்கிளின் டாங்கி

இன்று காலை யூனியன்வில்லில் எங்கள் தெருவுக்குப் பனி வழிக்கிற வண்டி வந்தது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கதவிடுக்கால் டீசல் மணம் ஏறியது. எனக்கு ஜேர்மன் அங்கிள்தான் ஞாபகம்.

ஸ்காபரோவில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் நான் வேலைக்குச் சேர்ந்த காலம். அந்த வயதான ஜேர்மன்காரரின் வீட்டு பேஸ்மென்டில் எனக்கு வாடகைக்கு ஓர் அறை, அடுத்த அறை மன்னாரிலிருந்து வந்த பிலோமினா அக்காவுக்கு. அக்கா மிசிசாகாவில் விமானச் சாப்பாடு பொதிசெய்கிற வேலை பார்த்தார். மேலே, அங்கிளின் வரவேற்பறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு கறுப்புச் சிலுவை. அதைக் கண்டதும் அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். மனிதர் பெரிய பக்திமான் என்று முடிவுசெய்து வெள்ளிக்கிழமைகளில் மீன் சொதியும் கொடுக்கத் தொடங்கினார். அது நாசி காலத்து இராணுவம் கொடுத்த வீரப் பதக்கம் என்று நான் விளக்கியபோது, "உதை முதலே சொல்லியிருக்கலாமே. மனுசன் சொதிக்குப் பழகிப்போட்டுது" என்றார்.

எனக்கோ அது முன்பக்கக் கட்டுரையாகத் தெரிந்தது. "எங்கட சண்டை காணாதெண்டு உது வேறயோ?" என்றார் ஆசிரியர். ஆனாலும் குறிப்பெடுக்கப் போனேன். அங்கிள் சலித்த குரலில் வரிசையாகச் சொன்னார். குதிரைப் படையில் சேர்ந்தது, டாங்கிக்கு மாறியது, பிரான்ஸ், ரஷ்யச் சேறு, ஒரு பாலத்தை விடாமல் மறித்து நின்றதற்குப் பதக்கம், காயம், கடைசியில் சிறை. அவர் சொன்னதில் எரிந்தவை எல்லாம் டாங்கிகள். ஆட்கள் யாரும் அந்தக் கதையில் வரவில்லை.

சொதிச் சட்டியை எடுக்க வந்த அக்கா கதவடியில் நின்றார். ஆங்கிலம் அவருக்குக் காதில் ஏறும், வாயில் வராது.

"தம்பி, ஒண்டு கேட்டுச் சொல்லு. உள்ளுக்க இருந்து பாத்தா வீட்டுக்க நிக்கிற ஆக்கள் தெரியுமோ?"

ஊரில் அக்காவின் கணவர் குசினியில் நின்றபோதுதான் இராணுவ டாங்கியின் குண்டு வீட்டில் விழுந்தது. டாங்கிக்குள் இருந்தவன் அவரைக் கண்டிருந்தால் அடித்திருக்கமாட்டான் என்பது அக்காவின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில், தினமும் செபமாலை முடிவில் அந்த முகம் தெரியாத ஆமிக்காரனுக்கும் ஒரு செபம் சொல்லுவார். பலகைச் சுவருக்கு இப்பால் எனக்குக் கேட்கும்.

கேள்வியைச் சொன்னேன். அங்கிள் தங்கள் டாங்கியின் நோக்குக் கண்ணாடிகள் எவ்வளவு தரமானவை என்று தொடங்கினார். பாதியில் நிறுத்தினார்.

"திரைச்சீலையில் இருக்கிற பூக்கூடத் தெரியும்" என்றார். "பாலத்தடி வீட்டில் நீலப் பூ."

மொழிபெயர்க்க வாய் திறந்தேன்.

"வேண்டாம் தம்பி. விளங்கீற்றுது."

அக்கா சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு கீழே போனார். அன்றும் செபமாலை சொல்லி முடித்தார். பிறகு அந்தக் கடைசிச் செபமும் கேட்டது, மிக மெதுவாக. அடுத்த வெள்ளிக்கிழமை சொதியும் மேலே போனது. "அந்தாள் பொய் சொல்லேல்லை" என்றார், நான் எதுவும் கேட்காமலே.

கட்டுரையை நான் எழுதவில்லை. அங்கிள் இறந்தார். பத்திரிகை நின்றது. வீட்டை இடித்து அந்தக் காணியில் இரண்டு வீடு கட்டிவிட்டார்கள். அக்கா இப்போது விட்பியில், மகளோடு. இன்று மத்தியானம் போன் எடுத்து, இன்னும் செபமாலை சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

"முழுக்கச் சொல்ல ஏலாது தம்பி, மூச்சு வாங்குது. ஒவ்வொண்டா விட்டுக்கொண்டு வாறன்."

"அந்த ஆமிக்காரன்?"

"அவனையும் விட்டிட்டன்" என்றார். "எவ்வளவு காலத்துக்குத் தூக்கிறது? இனிக் கடவுள் பாக்கட்டும்."