கன்னியம்மாவின் கிணறு

என் வேலைக்காகப் பொய் சொல்லி, ஒரு பெண்மணியின் கிணற்றை வற்றவைத்தவன் நான்.

எண்பதுகளில் ஒரு சிறிய படத்துக்கு நான் தயாரிப்பு நிர்வாகி. கதைக்கு அடைமழை வேண்டும், மாதமோ சித்திரை. மழைக்காலம் வந்ததும் கேரளாவில் எடுக்கலாம் என்றார் இயக்குநர். முழுப் படத்தையும் தமிழ்நாட்டில் எடுத்தால்தான் அரசு மானியம் என்று நான் மறுத்துவிட்டேன். மாடம்பாக்கத்தில் கன்னியம்மாவின் கீரைத் தோட்டத்துக் கிணற்றுநீரை மழையாகப் பொழியவைக்க ஏற்பாடு செய்தேன்.

“பாதித் தண்ணியாவது வுட்டுடு சார். கீர காஞ்சா எனக்குச் சோறு இல்ல.”

“ஒரு மணி நேரந்தாம்மா” என்றேன். நாள் முழுக்க ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மாலையில் மோட்டார் சேற்றை இழுத்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவர், “இன்னா சார் இது?” என்று மட்டும் கேட்டார். நாங்கள் வண்டி ஏறினோம்.

மறுவருடம் மானியம் வந்த பிறகுதான் அவரைத் தேடிப் போனேன். பொத்தேரியில் சித்தாளாகச் செங்கல் சுமந்துகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். கிணற்றை ஆழப்படுத்தித் தருவதாகச் சொன்னேன்.

“கீர போச்சு, நெலத்தயும் வித்துட்டேன். இன்னாத்துக்கு சார் கெணறு? அது கெடக்கட்டும், படத்துல மழ நல்லா வந்துச்சா?”

படம் நீளம் என்று அந்தக் காட்சியையே வெட்டியிருந்தார்கள்.

“நல்லா வந்துச்சும்மா.”

உடனே பக்கத்திலிருந்த பெண்ணிடம் திரும்பி, “கேட்டியாடி? அது எங் கெணத்துத் தண்ணி” என்றார் பெருமையாக.

அன்றும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அது இரக்கமா கோழைத்தனமா என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை.