எப்படி மாற்றினாலும் சிந்தாத கோப்பை

லேயார்கோ பெர்கொன்சோனி, ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதையே தொழிலாகக் கொண்டவர். சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காக அவர் காலையிலேயே பல்கலைக்கழகத்துக்கு வந்து, கரும்பலகை நிறைய எழுதி, மத்தியானம் அதை அழித்துவிட்டு, சாயங்காலம் அதையே திரும்ப எழுதுவார். ஒரு இயந்திரத்தை யாரோ போட்டு உலுக்குகிறார்கள். ஆனால் நாம் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் ஒரு அசைவும் தெரியக் கூடாது. அதற்கு வழி உண்டா, இல்லையா என்று சொல்வது அவர் வேலை. உண்டு என்று சொல்லி, செய்தும் காட்டிவிட்டால், பார்க்கிறவருக்குப் பார்க்க எதுவும் இருக்காது. வெற்றியைக் காட்டவே முடியாத தொழிலில் மனிதர் முப்பது வருடம் தள்ளிவிட்டார்.

இத்தாலியில், அவர் இருந்த போலோன்யாவில் இந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு தளங்களாகப் பார்க்கிறவர்கள் உண்டு. லேயார்கோ அந்தக் கூட்டம். உலுக்கல் ஒரு தளத்துக்குள் நுழைகிறது. அந்தத் தளத்தை விட்டு அது வெளியே வராதபடி பிடித்து வைக்க முடியுமா? அந்தத் தளம் நம் கண்ணுக்குப் படாத பக்கம் கிடக்கிறதா? இவ்வளவுதான் கேள்வி. இதை விளக்க வாய் போதாது, கை வேண்டும். இடது கையை ஒரு தளமாக விரித்து, வலது கையை இன்னொரு தளமாகக் குறுக்கே இறக்குவார். மூலைக் காபிக் கடையில் அவர் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கிறவர்கள் தங்கள் கோப்பையை மேடையிலிருந்து கையில் எடுத்துக்கொள்வார்கள். எதுவும் சிந்தாமல் இருப்பதைப் பற்றிப் பேசி அவர் சிந்தியது கொஞ்சமில்லை.

எதிர் அறையில் நீவெஸ் கவாட்ஸா என்ற பெண்மணி இருந்தார். அவரும் அதே கூட்டம், அதே தளங்கள், அதே கையாட்டம். ஆனால் இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தைச் சண்டை, இருபது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இது. சில இயந்திரங்களுக்கு ஒரே நடை கிடையாது. காருக்குக் கியர் மாதிரி, ஒரு நடையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். லேயார்கோவின் புகழ்பெற்ற தேற்றம், புகழ் என்றால் அந்தத் தாழ்வாரம் வரைக்கும், ‘நடையை எப்படி மாற்றினாலும்’ என்று தொடங்கும். எப்படி மாற்றினாலும், எவ்வளவு வேகமாக மாற்றினாலும், பார்க்கிற இடத்தில் அசைவு தெரியாது. அந்த ‘எப்படி மாற்றினாலும்’ மேல் அவருக்குச் சொந்தப் பிள்ளை மேல் இருக்கிற பாசம்.

நீவெஸுக்கு அந்த வார்த்தை ஆகாது. “ஒவ்வொரு நடையும் தனித்தனியா சாதுதான், புரொபசர். ரெண்டு சாதுவை மாத்தி மாத்திக் கூப்பிட்டுப் பாருங்க, ரெண்டும் சேந்து பைத்தியமாயிடும். ஒண்ணு அடங்கட்டும், அப்புறம் அடுத்ததைக் கூப்பிடுங்க.”

“காத்துக்கிட்டு உக்காரணும்னா பல் டாக்டர்கிட்ட போறேன், மேடம். தேற்றத்துக்கு எதுக்கு அதெல்லாம்?”

மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. இருபது வருடமும் ‘நீங்க’தான். சண்டை போடுகிறவர்களுக்கு அது வசதி.

இப்படியே ஓய்வு வரை போயிருக்கும். நடுவில் அறைப் பிரச்சினை வந்தது. லேயார்கோவின் சோதனை அறை பெரியது, இரண்டு ஜன்னல். தரவுக்காரர்கள் என்று, கணினியில் புள்ளிவிவரம் அலசுகிற ஒரு புதுப் படை துறைக்கு வந்திருந்தது. அவர்களுக்கு உட்கார இடமில்லை. துறைத் தலைவர் எர்மான்னோ ஃபன்டூட்ஸி, யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாததாலேயே தலைவரானவர், பொறுப்பை ஒரு குழுவிடம் தள்ளினார். வியாழக்கிழமை குழு வரும். அந்த அறையில் ஏதாவது நடக்கிறது என்று தெரிந்தால் அறை லேயார்கோவுக்கு. இல்லையென்றால் தரவுக்காரர்களுக்கு.

“ஏதாவது நடக்கணும்னா எப்படி?” என்றார் லேயார்கோ. “நடக்காம இருக்கிறதுதானே விஷயம்.”

“அதை நடத்திக் காட்டு,” என்றார் ஃபன்டூட்ஸி.

புதன்கிழமை மத்தியானம் ஒத்திகை. அறை நடுவே ஒரு இரும்பு மேசை. அடியில் அதை உலுக்க ஒரு மோட்டார், மேலே அந்த ஆட்டம் ஏறாதபடி சின்ன மோட்டார்கள் பிடித்திருக்கும் ஒரு தட்டு, தட்டின் நடுவில் விளிம்பு வரை சிவப்பு ஒயின் ஊற்றிய கோப்பை. மேசைக்கு மூன்று நடை. ஒரு பொத்தானை அமுக்கினால் நடை மாறும். நீவெஸ் வாசலில் சாய்ந்து நின்று ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார்.

முதல் நடை. ஒயின் அசையவில்லை. இரண்டாவது. அசையவில்லை. லேயார்கோவுக்கு உற்சாகம் வந்து பொத்தானைத் தந்தி அடிக்கிற மாதிரி அடிக்க ஆரம்பித்தார். மேசையின் கால்கள் மெல்லத் தட்டின, பிறகு பலமாகத் தட்டின, பிறகு மேசை நகர்ந்தது. ஒயின் மட்டும் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது.

“பாத்தீங்களா?” என்றார் லேயார்கோ, கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்காமல், கூடவே நடந்தபடி. “ஒரு சொட்டு சிந்திச்சா?”

“சிந்தலை. கோப்பை எங்க போகுதுன்னு பாக்கறேன்.”

“எங்கயும் போகலையே. தட்டுக்கு நடுவுலயேதான் இருக்கு.”

“தட்டு ஜன்னலுக்குப் போகுது, புரொபசர்.”

மேசை குடை வைக்கிற கூடையைத் தள்ளிவிட்டுச் சுவரில் முட்டி, அங்கேயே நின்று குதித்தது. லேயார்கோ ஓடிப்போய் இணைப்பைப் பிடுங்கினார். அப்போதும் ஒயின் சிந்தவில்லை.

“தேற்றம் சரி,” என்றார் மூச்சு வாங்க. “தேற்றத்துல மேசையே இல்லை.”

“ரூம்ல இருக்கே,” என்றார் நீவெஸ், ஆப்பிள் காம்பைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு.

பல வருடமாகக் கண்ணுக்குத் தெரியாத பக்கம் தள்ளிவிட்ட உலுக்கல் எல்லாம் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று லேயார்கோ போய்ப் பார்த்ததில்லை. தள்ளிவிட்டதோடு அவர் வேலை முடிந்தது. ஒவ்வொரு நடையிலும் அது தானாக அடங்கும் என்று அவருக்குத் தெரியும். அடங்குவதற்குள் மாற்றினால் ஏறிக்கொண்டே போகும் என்பதும் தெரியும்தான். நீவெஸ் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது வேறென்ன? நாளைக்கு மேசை நடந்தால் அறை போகும். ஒவ்வொரு நடைக்கும் நடுவே நிறுத்தி நிதானித்தால் மேசை நிற்கும். ஆனால் ‘எப்படி மாற்றினாலும்’ போகும்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குச் சூப்பில் மிதக்கும் தொர்த்தெல்லீனி, மாவுக்குள் இறைச்சி வைத்து மடித்தது. லேயார்கோவின் முகம் அவர் தேற்றம் மாதிரி, எதையும் காட்டாது. கார் திருடுபோன அன்றைக்கும் இதே முகம்தான். மனைவி ஃபோஸ்கா அந்த முகத்தைப் பார்ப்பதை விட்டு நெடுங்காலமாயிற்று. கிண்ணத்தைப் பார்ப்பாள்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லை.”

“ஒண்ணுமில்லைன்னா சூப்பு ஏன் அலையடிக்குது? முழங்காலை ஆட்டாதே.”

அவர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

“அந்தம்மா சொல்றது சரியா, தப்பா?”

“சரி.”

“அப்ப சரின்னு சொல்லிட வேண்டியதுதானே.”

“இருபது வருஷம், ஃபோஸ்கா.”

“எனக்கு முப்பத்திரண்டு. நான் தினம் சொல்றேன், நீ சொல்றதுதான் சரின்னு.”

அவர் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “அதெல்லாம் நிஜமா சொன்னது இல்லையா?”

“சாப்பிடு, ஆறிடும்.”

வியாழக்கிழமை குழு வந்தது. ஃபன்டூட்ஸி வந்தார். கண்ணாலேயே அறையை அளந்துகொண்டு ஒரு தரவுக்காரர் வந்தார். வெளியாள் என்ற கணக்கில் பக்கத்து ஊர் மோதெனாவிலிருந்து ஓரியானா மலகூட்டி வந்தார். பாட்டிலில் வினிகர் நிரப்புகிற இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலைக்குச் சொந்தக்காரி. லேயார்கோ மூலையில் மின்அடுப்பும் பெரிய காபிப் பாத்திரமும் தயாராக வைத்திருந்தார். அவருடைய உத்தி அதுதான். நிறுத்துவது நிறுத்துவது மாதிரி இருக்கக் கூடாது. உபசாரம் மாதிரி இருக்க வேண்டும்.

இயந்திரத்தைப் போட்டார். எல்லோரும் கோப்பையைப் பார்த்தார்கள்.

“எப்ப ஆரம்பிக்கும்?” என்றார் மலகூட்டி.

“ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. மேசைக்கடியில கை வச்சுப் பாருங்க.”

மலகூட்டி கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். பிறகு கோப்பையை இன்னொரு தடவை, வேறு மாதிரி பார்த்தார்.

“அடுத்த நடைக்குப் போறதுக்கு முன்னால ஆளுக்கொரு காபி,” என்றார் லேயார்கோ. ஊற்றினார், கொடுத்தார், வானிலையைப் பற்றிப் பேசினார். மேசை அடங்கியது. மாற்றினார். ஒயின் அசையவில்லை, மேசையும் இருந்த இடத்தில் இருந்தது. மறுபடி காபி. ஃபன்டூட்ஸி வாழ்நாளில் இவ்வளவு காபி அந்த மனிதர் கையால் குடித்ததில்லை.

“இதுல ‘எப்படி மாற்றினாலும்’னு இருக்கே,” என்றார் மலகூட்டி, சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி. “அப்ப நான் அமுக்கலாமா?”

அனுமதிக்குக் காத்திருக்கிற ஆள் அல்ல. அமுக்கினார். பிடித்துப்போய்விட்டது. மறுபடி அமுக்கினார். மேசைக்கால்கள் தட்டத் தொடங்கின. லேயார்கோவின் முகத்தில் ஒன்றுமில்லை. முழங்கால் மேசையோடு போட்டி போட்டது.

“சர்க்கரை?”

நீவெஸ். எங்கிருந்து வந்தாரோ, சர்க்கரைக் கிண்ணத்தோடு மலகூட்டிக்கும் பொத்தானுக்கும் நடுவே நின்றிருந்தார்.

“நான் சர்க்கரை போடறதில்லை.”

“இந்தக் காபிக்குப் போட்டுத்தான் ஆகணும். இவர் போட்ட காபி.” நிதானமாகக் கரண்டியைத் தேடினார், இல்லாத கரண்டியை. மேசை மெல்ல அடங்கியது. தலையைத் திருப்பாமல் லேயார்கோவிடம் சொன்னார்: “சொல்லிடு. இல்லேன்னா அந்தம்மா இன்னொரு தடவை அமுக்குவாங்க.”

இருபது வருட ‘நீங்க’ ஒரு நொடியில், இடைவெளியே விடாமல், ‘நீ’க்குத் தாவிவிட்டது. லேயார்கோ அதைக் கவனித்தார். கவனிக்க நேரமில்லாத நேரத்திலும் கவனித்தார்.

“மேடம்,” என்றார் மலகூட்டியிடம். “கோப்பைக்கு எப்படி மாத்தினாலும் சரி. மேசைக்கு அப்படி இல்லை. அது அடங்கினப்புறம்தான் மாத்தணும். இல்லேன்னா நடந்து போயிடும். நேத்து ஜன்னல் வரைக்கும் போச்சு.” நீவெஸைக் காட்டினார். “இதை இவங்க ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்காங்க. நான்தான் கேக்கலை.”

தரவுக்காரர் ஜன்னலை ஆசையோடு பார்த்தார்.

“அப்ப இதெல்லாம் காபி இல்லையா?” என்றார் ஃபன்டூட்ஸி, கையிலிருந்த கோப்பையைப் பார்த்து.

“காபியும்தான்.”

மலகூட்டி சிரித்தார். “என் தொழிற்சாலையில போன மாசம் ஒரு மெஷின் இப்படித்தான் ஆடி ஆடிக் கதவுகிட்ட போயிடுச்சு. பாட்டில்ல ஒரு சொட்டு கூடுதல் குறைவு இல்லை. ஏன்னு ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியலை. கோப்பையைப் பாக்க ஒருத்தர், மேசையைப் பாக்க ஒருத்தர். நல்ல ஏற்பாடு. நீங்க ரெண்டு பேரும் சேந்துதானே வேலை செய்யறீங்க?”

இல்லை என்று சொல்ல இருவரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தார்கள். ஃபன்டூட்ஸி முந்திக்கொண்டு ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

அறை பிழைத்தது. ஆனால் சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு எதற்கு இரண்டு அறை என்று குழு யோசித்தது. நீவெஸின் சின்ன அறை தரவுக்காரர்களுக்குப் போயிற்று. நீவெஸ் லேயார்கோவின் அறைக்கு வர வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை நீவெஸின் பழைய ஓக் மர மேசையைத் தாழ்வாரத்தின் குறுக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அது வாசலில் பாதி நுழைந்து, அத்தோடு நின்றுவிட்டது. லேயார்கோ உள்ளே, நீவெஸ் வெளியே.

“சாய்க்கணும்,” என்றார் நீவெஸ், கையைத் தளமாக விரித்து. “இப்படி.”

“நீ சொல்ற தளத்துல கதவுப்பிடி இடிக்கும். இப்படிச் சுத்தணும்.”

“சுத்தினா கால் மாட்டும். கண்ணை மூடிப் பாரு.”

இருவரும் கண்ணை மூடிக்கொண்டு, மேசைக்கு இருபுறமும் நின்று, கைகளைக் காற்றில் திருப்பிக்கொண்டிருந்தார்கள். மேசை அசையவில்லை.