கடைக்காரர் கேட்கச் சொன்ன கேள்வி

லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் பத்திரிகைக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் அவர். நரைத்த மீசை, விரலெல்லாம் அச்சு மை. எங்கேயாவது பிரிட்டிஷ் குண்டு விழுந்தால், செத்த சனத்தை எத்தனையாம் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள் என்று விற்பதற்கு முன் தேடிப் பார்ப்பார். முன்பக்கத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

தேர்தல் நேரம் எங்கள் கட்சி எம்.பி.யை வாக்குக் கேட்க அங்கே கூட்டிப்போனேன். பொங்கலுக்கு வேட்டி கட்டி வருகிற வெள்ளைக்காரர். கடைக்காரர் என்னிடம் தமிழில் சொன்னார்:

"போன வருசக் குண்டுவீச்சுக்குப் பாராளுமன்றத்தில ஏன் ஆதரவா வாக்குப் போட்டவர் எண்டு கேளும், தம்பி. நான் கேட்டால் சிரிச்சுப்போட்டுப் போயிடுவார். நீர் கட்சிக்காரன்."

எம்.பி. என்னைப் பார்த்தார். கடை வாடகை கூடிவிட்டதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கவலையோடு தலையாட்டி, கடைக்காரரின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கடைக்காரருக்கு என்னைவிட நன்றாக ஆங்கிலம் தெரியும்.

"பேப்பரில எழுதுறவங்களாவது சம்பளத்துக்கு மறைக்கிறாங்கள்," என்றார். "நீர் சும்மாவே செய்யிறீர்."

எம்.பி. வென்றார். அடுத்த குண்டுவீச்சுக்கும் ஆதரவாக வாக்களித்தார். ஏன் என்று நான் இன்னும் கேட்கவில்லை. அந்தக் கடைக்காரருக்கு முன்னால் போய் நிற்க எனக்கு முகமில்லை.